நாற்பத்தோராவது வரி

தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதியைப்
படிப்பதுபோல் நிற்பேன்.
உண்மையில் கைகளைப் பார்க்கிறேன்.
யார், எந்தக் கட்டில்,
தொடுமுன்னா தொட்டபின்னா, கழுவினாரா.
புன்டா அரேனாஸ், இரண்டாம் மாடி,
ஆண்கள் அறுவைப் பிரிவு.

இந்த ஒற்றுக்கு ஒரு படிவம் உண்டு.
மருத்துவர், செவிலியர், மற்றவர்:
மூன்றே பத்தி.
கழுவினால் சரிக்குறி, இல்லையென்றால் வட்டம்.
பெயர் எழுதக் கூடாதென்பது விதி.
ஆனாலும் வட்டங்களுக்கு முகம் இருக்கிறது.

டாக்டர் மிமித்சா
இரு கையையும் கோட்டுப் பையில் வைத்தபடி வருவார்;
வெளியே எடுத்தால் நேராகப் புண்ணுக்கு.
நாலு நாளில் நாலு வட்டம்.
என்னைக் கண்டுகொண்ட ஐந்தாம் நாள்
முழங்கைவரை தேய்த்து
என் பக்கமாகத் திருப்பி உலர்த்தினார்.
அதற்கும் சரிக்குறிதான்.
படிவத்துக்கு உள்நோக்கம் தெரியாது.

மார்ச்சில் சாந்தியாகோவிலிருந்து
சான்றளிப்புக் குழு வருகிறது.
எண்பது சதவீதம் வேண்டும்.
அறுபத்தெட்டில் நிற்கிறோம்.
"ஓயாத காற்று, தோல் வெடிக்கிறது,
சானிடைசர் எரிகிறது, அதை எழுதுங்கள்"
என்றார்கள் செவிலியர்கள். எழுதினேன்.
"அதை எழுதாதீர்கள்" என்றார் இயக்குநர்.

எடல்மிரா சிகுவாய் தரை துடைப்பவர்,
சிலோயே தீவுக்காரர்.
ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போகுமுன்
கழுவிக்கொள்வார்,
யாரும் சொல்லாமல், யாரையும் தொடாமலே.
யாரையும் தொடாததால் அது கணக்கில் சேராது.
தாளின் பின்பக்கம் கோடு கிழித்து வைத்தேன்,
எட்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு.
என்ன செய்வதென்று தெரியாமல்
திருப்பி வைத்துவிட்டேன்.

வியாழன் இரவு, மூன்றாம் கட்டில்.
எலெயுதேரியோ. நண்டுப் படகின் கயிறு
அறுத்த தொடை, சீழ் பிடித்து இருபது நாள்.
மகன்கள் பொர்வெனிரில்.
கைகழுவிவிட்டார்கள் என்று
செவிலியர் அறையில் பேச்சு.
(அந்தக் கழுவலுக்கு எந்தக் குறி?)

உருளையருகே நின்றவளின் கையை
எட்டிப் பிடித்துக்கொண்டார்.
"துறைமுகத்தை மூடிவிட்டார்களா?"
மூடியிருந்தார்கள்.
"அதான் பையன்கள் வரவில்லை."
ஆமாம் என்றேன்.
மூடியது அன்று மாலைதான்.
பதினோரு நிமிடம். பிறகு தூக்கம் வந்து
பிடி தானாகக் கழன்றது.

ஐந்தாம் கட்டில் பையன் தண்ணீர் கேட்டான்.
குவளையின் விளிம்பைப் பிடித்து நீட்டினேன்.
குடித்தான்.
நிமிர்ந்தால் எடல்மிரா,
துடைப்பத்தில் சாய்ந்தபடி.
ஒன்றும் சொல்லவில்லை.
மோவாயால் சுவரிலிருந்த புட்டியைக் காட்டினார்.
கையும் களவுமாக என்பது
இவ்வளவு அமைதியாக நடக்குமா!

நாற்பத்தோராவது வரி: மற்றவர். தொட்டபின். வட்டம்.
நாற்பத்திரண்டு: மற்றவர். தொடுமுன். வட்டம்.

அறுபத்தெட்டு அறுபத்தேழானது.
"யார் இந்த மற்றவர்?"
நான்.
"எண்ணுகிறவர் எண்ணிக்கையில் வரமாட்டார், யாஸ்னா.
அடித்துவிடுங்கள்."
அடிக்கச் சொன்னதைத் தேதி போட்டு
எழுதித் தாருங்கள் என்றேன்.
கூரைத் தகரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.
பேனாவைத் திறந்தார்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
மூடினார்.

ஐந்தாம் கட்டிலின் காய்ச்சல் அட்டையை
தினமும் போய்ப் பார்க்கிறேன். என் வேலையல்ல.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
முப்பத்தேழு.
முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
இன்றைக்கு இன்னும் எழுதவில்லை.

வாசலில் நின்று புட்டியை அழுத்துகிறேன்.
தாள் கீறிய விரலிடுக்கில்
எரிகிறது.
அதையும் எழுதிக்கொள்கிறேன்.